சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

திருவனந்தபுரம் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் ஓசை காலையிலேயே கேட்கத் தொடங்கிவிடும். கோயிலைத் தாண்டினால் கிழக்கேகோட்டைப் பேருந்து நெரிசல், அதையொட்டிச் சாலைக் கடைத்தெரு. நேந்திரங்காய் வறுவல் பொரியும் வாணலிகளும் பழம்பொரியும் போளியும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிகளும் வழி நெடுக உண்டு. இந்தப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் பக்கத்து மலையாளி வீடுகளிலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம், "சுகர் பார்டர்ல இருக்கு" என்பது. அதைக் கேட்டதும் எல்லா வீடுகளிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். காபியில் சர்க்கரை நிற்கிறது, பாயசம் வேண்டாம் என்றாகிறது, வெந்தயமும் பாகற்காயும் சமையலுக்குள் வருகின்றன. இலையில் விழும் சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டதும் உட்காரும் நாற்காலியும் மாறுவதில்லை. பார்டர் என்று நாம் சொல்லும் முன்நீரிழிவு நிலையைத் தள்ளிப்போடவும் பலரிடம் திருப்பிவிடவும் உணவாலும் உடலுழைப்பாலும் முடியும். ஆனால் குறி வைக்க வேண்டிய இடம் சாப்பிட்ட பிறகு வரும் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் தட்டிலிருந்து எவ்வளவு மாவுச்சத்து இரத்தத்துக்குள் இறங்குகிறது, அதைத் தசைகள் எவ்வளவு விரைவாக வாங்கிக்கொள்கின்றன என்ற இரண்டு கேள்விகளே முதன்மையானவை. இதற்கான சான்று வெகு தொலைவில் இல்லை. சென்னையில் கொஞ்சமும் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் கொஞ்சமும் இருக்கிறது.

உடலின் கணக்கிலிருந்து தொடங்கலாம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஓடும் சுமார் 5 லிட்டர் இரத்தத்தில், வெறும் வயிற்றில் இருக்கும் குளுக்கோஸ் முழுவதையும் சேர்த்தால் 5 கிராம்தான் தேறும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை அது. 100 கிராம் அரிசியை வடித்துச் சாப்பிட்டால் அதில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. செரித்து முடிக்கும்போது அதில் பெரும்பகுதி குளுக்கோஸாகவே குடலிலிருந்து இரத்தத்துக்கு வருகிறது. இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட சாயாவில் இருப்பது 10 கிராம், அதிலும் பாதிதான் குளுக்கோஸ். சாயாவில் சர்க்கரையை நிறுத்துவது நல்லதுதான், ஆனால் மதியச் சோற்றின் பக்கத்தில் அது சிறிய தொகை. 5 கிராம் மட்டுமே தங்க வேண்டிய இடத்தில் 78 கிராம் வந்து இறங்கியும் ஆரோக்கியமான உடம்பில் சர்க்கரை எகிறுவதில்லை என்றால், வருவது வந்த வேகத்திலேயே எங்கோ சேமிக்கப்படுகிறது என்று பொருள். கல்லீரல் சுமார் 100 கிராம் வரை கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும். தசைகள் ஏறத்தாழ 400 கிராம் வரை வைக்கும். ஆகவே உடம்பின் மிகப் பெரிய சர்க்கரைக் கிடங்கு தசைதான். நேற்றைய சரக்கு எடுக்கப்படாமல் கிடங்கு நிரம்பியே கிடந்தால் இன்றைய வண்டிகள் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். வேலை செய்யாத தசை இன்சுலின் தட்டியும் கதவைத் திறக்கத் தயங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொழுப்பு தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் படிவது இன்னொரு காரணம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வேறுபாடு இருக்கிறது. பார்டர் என்பது ஒரே நிலை அல்ல. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலில், வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் ஒரு வகை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 140 முதல் 199 வரை இருந்தால் இன்னொரு வகை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை இருந்தாலும் முன்நீரிழிவு என்றே எழுதுவார்கள். முதல் வகையில் பிசகு பெரும்பாலும் கல்லீரலில் இருக்கிறது. இரவு முழுக்கத் தேவைக்கு மேல் அது குளுக்கோஸை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது வகையில் பிசகு பெரும்பாலும் தசையில். வந்த சர்க்கரையை அது வாங்கிக்கொள்ளாது. ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சோதனை செய்து, 98 என்று பார்த்து நிம்மதியாகத் திரும்பும் ஒருவருக்கு, சாப்பாட்டுக்குப் பின் 180 ஏறிக்கொண்டிருக்கக்கூடும். அதனால் குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இடுப்புச் சுற்றளவு கூடியவர்களும் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையை ஒரு தடவையாவது செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அலுப்பான சோதனைதான், இரண்டு மணி நேரம் ஆய்வகத்தில் காத்திருக்க வேண்டும். ஆனால் எந்த வகை என்று தெரிந்தால்தான் உணவிலிருந்தும் நடையிலிருந்தும் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரியும்.

சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. இரண்டு மணி நேரச் சர்க்கரை கூடியிருந்த 531 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும், ஒரு பிரிவுக்கு உணவும் நடையும், ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, கடைசிப் பிரிவுக்கு இரண்டும். மூன்றாண்டு முடிவில் முதல் பிரிவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகள் ஆகிவிட்டார்கள். உணவும் நடையும் கடைப்பிடித்தவர்களில் அது 39.3, மாத்திரை எடுத்தவர்களில் 40.5, இரண்டும் சேர்த்தவர்களில் 39.5. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, உணவும் உழைப்பும் நோயை 58 விழுக்காடு குறைத்ததாகச் சொன்னது. சென்னையில் கிடைத்த குறைவு 28.5 விழுக்காடுதான். இதை வைத்து இந்திய உடம்புக்கு இந்த வழி பாதிதான் பலிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த வாதம் கணக்கைப் பாதியில் நிறுத்துகிறது. அமெரிக்க ஆய்வில் ஒருவரை நோயிலிருந்து மூன்றாண்டு காக்க ஏறக்குறைய 7 பேர் வாழ்க்கை முறையை மாற்ற வேண்டியிருந்தது. சென்னையில் 6.4 பேர் போதுமாக இருந்தது. நம்மிடையே பார்டரில் இருப்பவர்கள் நோய்க்குள் விழும் வேகம் மிக அதிகம், அதனால் விழுக்காட்டில் சிறிதாகத் தெரியும் குறைவு ஆட்களின் எண்ணிக்கையில் அமெரிக்கக் கணக்குக்குச் சமமாக வருகிறது. இன்னொன்றும் முக்கியம். சென்னையில் பயன் பெற்றவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடை இறங்காமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. தராசு முள் அசையவில்லை என்று மூன்றாம் மாதமே மனமுடைந்து விட்டுவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழவங்காடியிலிருந்து தெற்கே கரமனை, பாலராமபுரம் வழியாக நாகர்கோவில் சாலையில் போனால் நெய்யாற்றின்கரை வரும். அந்தத் தாலூக்காவில்தான் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் கழகத்தின் கே. ஆர். தங்கப்பன் முதலானோரும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தார்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், 30 முதல் 60 வயது வரையிலான 1,007 பேர். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கு கேள்விகளால் ஆன இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை மட்டும் சோதனையால் விலக்கினார்கள். பாதிப் பகுதிகளில் ஓராண்டுக்கு 15 குழுக் கூட்டங்கள். பெரும்பாலானவற்றை மருத்துவர்கள் நடத்தவில்லை, குழுவிலிருந்தே பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தவர்கள் நடத்தினார்கள். 2018-இல் வந்த முடிவு இப்படி: இரண்டாண்டில் கூட்டம் நடக்காத பகுதிகளில் 17.1 விழுக்காட்டினருக்கும், நடந்த பகுதிகளில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு. காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, மது குறைந்தது, உடல் இயக்கத் திறன் மேம்பட்டது. ஆனால் தலையாய குறிக்கோளில் வெற்றி உறுதிப்படவில்லை.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று இதுதான், அதுவும் நம் வாசலிலேயே. இதை ஒதுக்கிவிட்டு அமெரிக்க எண்களை மட்டும் காட்டிப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் சென்னை ஆய்வும் ஒன்றும் கடும் பயிற்சி முகாம் அல்ல. அங்கும் தனித்தனியாகச் சொன்ன அறிவுரை, ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, இடையில் தொலைபேசி விசாரிப்பு, அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு யாரைச் சேர்த்தார்கள் என்பது. சென்னையில் அனைவருக்கும் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை கூடியிருந்தது. நெய்யாற்றின்கரையில் அபாய மதிப்பெண்தான் வாயில். அதன் வழியே சர்க்கரை இயல்பாகவே இருந்தவர்களும், வெறும் வயிற்றில் மட்டும் கூடியிருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். தசையை வேலை செய்ய வைக்கும் மருந்து, பிசகு தசையில் இருப்பவருக்கே முதலில் பலிக்கும். சென்னையில் 578 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வும் இந்தத் திசையையே காட்டுகிறது. உணவு, உழைப்பு, தேவைப்பட்டவர்களுக்குப் பின்னர் மெட்ஃபார்மின் என்று படிப்படியாகக் கொடுத்ததில் மொத்தத்தில் 32 விழுக்காடு குறைவு கிடைத்தது. இரண்டு வகைப் பிசகும் உள்ளவர்களில் அது 36, இரண்டு மணி நேரச் சர்க்கரை மட்டும் கூடியவர்களில் 31, வெறும் வயிற்றில் மட்டும் கூடியவர்களில் 12. பிரிவுகளுக்கு இடையிலான இந்த வேறுபாட்டுக்கு மட்டும் தனியாகப் புள்ளியியல் உறுதி கிடைக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் உடலியங்கியல் சொல்வதும் மூன்று ஆய்வுகள் சொல்வதும் ஒரே பக்கம் சாய்கின்றன. நெய்யாற்றின்கரையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பொதுவான நல்லறிவுரை எல்லாருக்கும் கொஞ்சம் நன்மை செய்யும், நோயைத் தடுக்க வேண்டுமென்றால் சரியான ஆளிடம், சரியான இடத்தில் போய்ச் சேர வேண்டும்.

அந்த இடம் முதலில் சாப்பாட்டுத் தட்டு. மட்டை அரிசிக்கு மாறிவிட்டோம், ராகிக்கு மாறிவிட்டோம், இரவில் சப்பாத்திதான் என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். தவிடு ஓரளவு ஒட்டியிருக்கும் சிவந்த அரிசி பட்டை தீட்டிய வெள்ளை அரிசியைவிட மேல், மறுக்கவில்லை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவுடன் நாடு முழுதும் நடந்த ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தபோது, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும், அதில் 5 விழுக்காட்டுக் கலோரியைப் பயறு, பருப்பு, பால் பொருள்களின் புரதத்துக்கு மாற்றினால் அபாயம் குறைவாக இருந்தது என்றும் அது சொன்னது. ஒரே காலத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் காரண காரியத்தை அது நிறுவிவிடாது. ஆனாலும் தானியத்தின் பெயரை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே பெரிது என்பதற்கு அது வலுவான குறிப்பு. நல்ல வேளையாக, இந்த ஊர்ச் சமையலில் அதற்கான எல்லாம் இருக்கிறது. புட்டுக்குப் பழமும் சர்க்கரையும் பிசைவதற்குப் பதில் கடலைக் கறியைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு புட்டைப் பாதியாக்கலாம். மதியம் சோற்றுக்குத் தோரன் தொட்டுக்கொள்வதைத் தலைகீழாக்கி, தோரனையும் அவியலையும் பயற்றையும் மீனையும் வயிறு பாதி நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போகலாம். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்ற வரிசை, அதே உணவுக்குச் சர்க்கரை ஏறும் உயரத்தைக் குறைக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தமிழ் வீடுகளில் இரவு மூன்று தோசைக்குப் பதில் பருப்பு மிகுந்த ஒரு அடை, மாலையில் பழம்பொரிக்குப் பதில் பிள்ளையாருக்குப் படைக்கும் அதே கொண்டைக்கடலைச் சுண்டல். மரவள்ளிக்கிழங்கு சாப்பிடும் நாளில் அதுவே அன்றைய சோறு, சோற்றுக்கு மேல் அது வேண்டாம். ஓணத்துக்கும் கல்யாணத்துக்கும் போளியும் பாயசமும் சாப்பிடுவதை நான் பொருட்படுத்தவில்லை. ஆண்டின் மற்ற நாள்களில் ஒவ்வொரு வேளையும் தட்டில் விழும் சோறுதான் கணக்கை எழுதுகிறது.

அடுத்தது தசை. தசை சுருங்கி விரியும்போது, குளுக்கோஸை உள்ளே விடும் க்ளூட்-4 என்ற புரத வாயில்கள் செல்லின் மேல்பரப்புக்கு வந்துவிடும். அதற்கு இன்சுலினின் ஆணை தேவையில்லை. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையும் நடைக்குச் செவிசாய்க்கும் என்பதுதான் உடற்பயிற்சியின் தனிச்சிறப்பு. அதுவும் நேரம் பார்த்து நடந்தால் பயன் கூடும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் நீரிழிவு உள்ள 41 பேரிடம் செய்த சோதனை 2016-இல் வெளியானது. நாளுக்கு ஒரு முறை 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. மொத்த நிமிடங்கள் ஒன்றுதான், நேரம் மட்டுமே மாறியது. மியூசியம் வளாகத்திலும் கனகக்குன்றிலும் காலையில் நடக்கும் கூட்டம் இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லதையே செய்துகொள்கிறது, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இரவு சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிடம் கோட்டைத் தெருக்களில் ஒரு சுற்று வந்தால், அன்றைய மிகப் பெரிய ஏற்றத்தின் தலை தட்டப்படும். காலை நடைக்கு நேரமே இல்லாத கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் சமையற்கட்டை விட்டு நகர முடியாத பெண்களும்கூட இதைச் செய்யலாம். வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியேறுவது, சுவரைத் தள்ளுவது போலத் தசைக்குச் சுமை கொடுக்கும் பயிற்சியும் சேர வேண்டும், கிடங்கின் அளவே அதனால் பெருகும்.

பரம்பரை நோய், இதில் நாம் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சென்னை ஆய்வே விடை. அதில் இருந்தவர்களும் நம்மைப் போன்ற பரம்பரைதான். ஒல்லியாகத்தானே இருக்கிறேன் என்பவர்களுக்குப் புனே மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் 2004-இல் லான்செட் இதழில் வெளியிட்ட தம்முடைய உடற்கணக்கைக் காட்டலாம். அவருக்கும் அவருடைய வெள்ளைக்கார நண்பருக்கும் உடல் நிறை குறியீட்டெண் ஒன்றே, 22.3. நண்பரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இவர் உடலில் 21.2. மெலிந்த உருவத்துக்குள் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருப்பது நம்மவர்களிடம் சாதாரணம். அப்படிப்பட்டவருக்குப் பட்டினி கிடப்பதைவிடத் தசையை வளர்ப்பதே பொருத்தமான சிகிச்சை. கேரளத்தில் வளர்ந்தோரில் 25.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2023-இல் வந்த தேசிய ஆய்வு சொன்னதை வெறும் குண்டானவர்களின் கதையாக வாசித்தால் பாதிப் பேரை விட்டுவிடுவோம்.

இன்னொரு எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்தே வருவது. வெறும் வயிற்று எல்லையை 2003-இல் 110-லிருந்து 100-க்கு அமெரிக்கச் சங்கம் இறக்கியது, உலக சுகாதார நிறுவனம் இன்றும் 110-இலேயே நிற்கிறது, ஆரோக்கியமானவர்களை நோயாளிகள் ஆக்கும் பெயர்தான் முன்நீரிழிவு என்பது அவர்கள் வாதம். 102 உள்ள ஒருவரைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கிறது, அவரை அச்சுறுத்த வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் 180 உள்ள ஒரு தென்னிந்தியரைப் பற்றிப் பேசும்போது, மூன்றாண்டில் பாதிப் பேருக்கு மேல் நோயாளியான அந்த 55 விழுக்காடு கண் முன் நிற்கிறது. பெயரைப் பற்றிய சர்ச்சை அந்த எண்ணை மாற்றாது. நெடுங்காலப் பயனைப் பற்றிய ஐயத்துக்குச் சீனாவின் டாச்சிங் நகரம் பதில் சொல்லியிருக்கிறது. 1986-இல் இரண்டு மணி நேரச் சர்க்கரை கூடியிருந்த 577 பேரிடம் தொடங்கிய ஆறாண்டுத் திட்டத்தை 30 ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். உணவும் உழைப்பும் கடைப்பிடித்த பிரிவில் நோய் வருவது சராசரியாக நான்காண்டு தள்ளிப்போனது, இதய நோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மாத்திரை எளிதல்லவா என்ற கேள்வி மிச்சம். மெட்ஃபார்மின் மலிவான, நன்கு சோதிக்கப்பட்ட மருந்து. உணவையும் நடையையும் ஒழுங்காகச் செய்தும் ஓராண்டில் எண்கள் ஏறிக்கொண்டே போனால், அல்லது பிசகு வெறும் வயிற்றுச் சர்க்கரையில் மட்டும் இருந்து இறங்க மறுத்தால், மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்பதில் தோல்வி எதுவும் இல்லை. சென்னையின் 2016 ஆய்விலும் பெரும்பாலோருக்குப் பின்னர் அது தேவைப்பட்டது. ஆனால் 2006 ஆய்வில் உணவும் நடையும் தனியாகவே மாத்திரைக்கு நிகராக நின்றன, இரண்டையும் சேர்த்தபோது கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. மாத்திரை இரத்த அழுத்தத்தையும் முழங்காலையும் தூக்கத்தையும் சரிசெய்யாது என்பதால், முதல் வாய்ப்பை நடைக்குக் கொடுப்பதே அறிவு. தொடர்ந்து தூண்ட யாரும் இல்லையே என்றால், இரண்டு மணி நேரச் சர்க்கரை கூடியிருந்த 537 ஆண்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிப் பார்த்த ராமச்சந்திரன் குழுவின் 2013 ஆய்வு இருக்கிறது. இரண்டாண்டில் செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. வீட்டில் ஒருவர் இரவு சாப்பாட்டுக்குப் பின் "வா, ஒரு சுற்று போய்வரலாம்" என்று அழைப்பது அதைவிடக் குறைந்த தூண்டுதல் இல்லை. ஓராண்டு அப்படிச் செய்துவிட்டு அதே ஆய்வகத்தில், அதே 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து, அதே இரண்டு மணி நேரம் காத்திருந்து வரும் எண்ணைப் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 140-க்குக் கீழே வந்திருந்தால் இதையே தொடருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை சோதனை போதும்.